அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட இருக்கிற பாமசி: குளிசை வாங்கப் போய் பாடம் கேட்டு வந்தன்

கனடாவில இருக்கிற மாமாட மகனுக்கு கோவிட் வந்து டொக்டர் பக்ஸ்லோவிட் எழுதிக் குடுத்திருக்கார், அவ்வளவுதான், இங்க உவர்மலையில மாமாக்கு ரெண்டு நாளா நித்திரை இல்ல, ஏனெண்டா அது மாட்டுக்கும் குடுக்கிற பூச்சி மருந்து ஐவர்மெக்டினாம், பேர மாத்தி விலைய ஏத்தி விக்கிறாங்களாம், வாட்ஸ்அப்பில வந்ததாம். அவருக்கு பிரஷர் குளிசையும் முடிஞ்சுது, சரி ரெண்டையும் பாப்பம் எண்டு பின்னேரம் போனன்.

சரியான சனம். வரிசை எண்டு ஒண்டுமில்ல, முழங்கை பலமா இருக்கிற ஆளுக்கு முதல்ல மருந்து. கார்ட் மெஷின் இருக்கு, வேலை செய்யாது (போன மாசமும் இதே கதை). இதுக்கு ஒரு ஸ்டார் குறைக்கிறன்.

ஆனா அந்த பாமசிஸ்ட் அக்கா! சனம் குறைஞ்சதும் பில் துண்டுக்குப் பின்னால கீறியே காட்டினா. வைரஸ் தன்ட புரதத்த ஒரே நீட்டுக் கயிறா செய்யுமாம், அத வெட்ட ஒரு கத்தரிக்கோல் வேணும், அதுதான் புரோட்டியேஸ். பக்ஸ்லோவிட்டில இருக்கிற நிர்மட்ரெல்விர் அதுக்குள்ள போய் இறுகுறதுக்கெண்டே செஞ்சது. ஐவர்மெக்டின் மண்ணில இருந்த பக்டீரியாவில இருந்து வந்த மருந்து, கண்டுபிடிச்சவங்களுக்கு 2015ல நோபல் பரிசும் கிடைச்சது, அதுட வேலை புழுட நரம்ப முடக்கிறது.

"அப்ப ஏனக்கா ரெண்டும் ஒண்டு எண்டுறாங்க?"

ஐவர்மெக்டினும் அந்தக் கத்தரிக்கோல தடுக்கும் எண்டு லாப்பில காட்டியிருக்காங்களாம், அந்த நூலப் பிடிச்சுத்தான் இந்தக் கதையெல்லாம். ஆனா லாப்பில வைரஸ நிப்பாட்டின அளவு, வழமையான டோஸில ரத்தத்துக்கு வாறத விட எத்தனையோ மடங்கு கூட. பிரேசிலில 1358 பேரில சோதிச்சு 2022ல முடிவு வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போறது குறையல்ல.

பிறகுதான் விசயத்துக்கு வந்தா. "தம்பி, கனடாவில இருக்கிறவர் கொழுப்புக் குளிசை போடுறவரோ?" பக்ஸ்லோவிட் பெட்டிக்குள்ள ரிட்டோனாவிர் எண்டு இன்னொரு குளிசை இருக்காம், எச்ஐவிக்கு 1996ல வந்த பழைய மருந்து. அது ஈரல் மருந்த உடைக்கிறத மெதுவாக்கி நிர்மட்ரெல்விர கனநேரம் ரத்தத்தில நிக்க வைக்கும், சிம்வாஸ்டட்டின் எண்ட கொழுப்புக் குளிசையையும் அப்பிடியே ஏத்தி விட்டுரும், தசை பழுதாகும். பழைய மருந்து உள்ளுக்கு இருக்கிறது உண்மைதான், மாமா தேடினது இல்ல, அவ்வளவுதான். கடையில நிண்டே கோல் எடுத்தன், மச்சான் சிம்வாஸ்டட்டின் போடுறவன்தான், டொக்டர் முதலே நிப்பாட்டச் சொல்லிட்டாராம்.

சும்மா ஐவர்மெக்டின் தருவீங்களா எண்டும் கேட்டுப் பாத்தன், டொக்டர்ட துண்டு இல்லாம தரமாட்டாவாம். அதுக்கே அந்த ஸ்டார திருப்பிக் குடுக்கலாம் போல.

வீட்ட வந்து மாமாக்கு எல்லாத்தையும் சொன்னன். "அப்ப அவனுக்கு எச்ஐவி மருந்தோ குடுத்திருக்கிறாங்க?" எண்டார். நாளைக்கு அவரையே கூட்டிட்டுப் போறன், சனம் வர முதல்.