மனசுக்கு எந்தச் சிகிச்சை? வீடு திரும்பிய பிறகும் கைகொடுப்பது எது?

2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனதும் எனக்குத் தூக்கம் கெட்டது. தோப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவே பிடிக்கவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய் நான் எடுத்துக்கொண்டது சிபிடி என்கிற சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. எந்தச் சிகிச்சைக்குப் போகலாம் என்று இப்போது சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பேசினால் பாரம் குறையும், சொன்னது வெளியே போகாது என்பதெல்லாம் எல்லா முறைக்கும் பொதுதான்.

வியன்னாவில் மருத்துவர் ஃபிராய்டு தொடங்கியது உளப்பகுப்பாய்வு. இன்றைய வேதனைக்கு வேர் நனவிலி மனதில் (நமக்கே தெரியாமல் உள்ளே ஓடும் மனம்), சின்ன வயது உறவுகளில் இருக்கிறது என்பது அதன் அடிப்படை. மனதில் வருவதைத் தடையில்லாமல் பேச வேண்டும். அப்பாமேல் இருந்த கோபம் சிகிச்சையாளர்மேல் திரும்பினால் அதையும் சேர்த்து அலசுவார்கள். பழைய முறைப்படி வாரத்துக்கு நாலைந்து நாள், வருஷக்கணக்கில். நான் அதில் உட்கார்ந்ததில்லை, படித்ததோடு சரி. ஒரே மாதிரி உறவுச் சிக்கலில் திரும்பத் திரும்ப மாட்டுபவருக்கு அது உதவலாம். நடவும் அறுப்பும் உள்ள வீட்டுக்கு அவ்வளவு நாள் கட்டுப்படியாகாது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழி வேறு. சிகிச்சையாளரின் பரிவு, ஒளிவுமறைவற்ற தன்மை, நிபந்தனையில்லாத ஏற்பு இவை இருந்தால் மனிதர் தானே தேறுவார் என்று 1957-ல் எழுதினார். இது இல்லாமல் எந்த முறையும் ஓடாது என்றே நினைக்கிறேன்.

சிபிடியை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உளப்பகுப்பாய்வு படித்தவர். 1960-களில், சட்டென்று தலைக்குள் ஓடும் எண்ணங்களே சோர்வை வளர்க்கின்றன என்று கண்டு பாதை மாறினார். எனக்கு ஒரு நோட்டு கொடுத்தார்கள். நடந்தது, ஓடிய எண்ணம், நூற்றுக்கு எவ்வளவு பயம், ஆதாரம், எதிர் ஆதாரம் என்று கட்டங்கள். நான் எழுதியது: "ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் திறக்கலை. சம்பா போச்சு, பொண்ணு ஃபீஸ் போச்சு, எல்லாமே போச்சு." பயம் 90. சைக்காலஜிஸ்ட் கேட்டார், "ஐயா, போச்சுங்கறதுக்கு ஆதாரம் என்ன? அதையும் எழுதுங்க." எதிர்க்கட்டத்தில் எழுதினேன்: முன்பு ஒருமுறை கடைமடைக்குத் தண்ணி லேட்டாக வந்தும் நேரடி விதைப்பில் அறுத்தோம், ஃபீஸுக்கு நகைக்கடன் இருக்கிறது. பயம் 50-க்கு இறங்கியது. கவலை போய்விடவில்லை, ஆனால் அன்று தூங்கினேன்.

தோப்புப் பயத்துக்கு சிபிடியில் தந்தது படிப்படியான பயிற்சி: முதலில் வேலி வரை, பிறகு உள்ளே, கடைசியில் விழுந்த மரங்களுக்கு நடுவில் பயம் தணியும் வரை நிற்பது.

நான் சிபிடி பக்கம் சாய்வதற்குக் காரணம், சிகிச்சை முடிந்த பிறகும் தேறியதை நாமே பராமரிக்க முடிவது. சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுக்குள் முடிந்துவிடுகிறது. நோட்டு வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் காற்று பலமானால் பழைய எண்ணம் வரும். அப்போது பஸ் ஏற வேண்டியதில்லை, கட்டம் போட்டால் போதும். மாத்திரை மட்டும் சாப்பிட்டு நிறுத்தியவர்களைவிட சிபிடி முடித்தவர்களுக்கு மனச்சோர்வு திரும்புவது குறைவு என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எழுத முடியாதவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதில் எனக்கு அனுபவமில்லை. சாகத் தோன்றுகிறவர் முறை தேடி நாளைக் கடத்த வேண்டாம். 14416-க்குக் கூப்பிட்டால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி மையத்தில் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள். மற்றவர்கள் முதல் அமர்விலேயே கேளுங்கள்: வீட்டில் நான் செய்ய என்ன கொடுப்பீர்கள், எப்போது முடியும், மறுபடி வந்தால் என்ன செய்வது?