முலாம் ஆய்வுக்குப் பல அலை இம்பீடன்ஸ் கருவி: எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

பல சைன் அலைகளை ஒரே நேரத்தில் செலுத்தும் பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி), முலாம் ஏறிக்கொண்டிருக்கும்போதே பரப்பின் இம்பீடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பை, அளக்கிறது. கீழே 1 ஹெர்ட்ஸ் வரை போதுமென்றால் ஓரிரு நொடியில் ஸ்பெக்ட்ரம் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் உள்ள இம்பீடன்ஸ்) தயார். ஒவ்வொரு அதிர்வெண்ணாகப் போனால் முடிப்பதற்குள் பரப்பே மாறிவிடும். 0.1 ஹெர்ட்ஸ் கேட்டால் ஒரு முழு அலைக்கே 10 நொடி காத்திருக்கத்தான் வேண்டும், மாயமில்லை.

பலவீனம் இரைச்சல். மொத்த வீச்சு 10 மில்லிவோல்ட் அளவில் நிற்க வேண்டுமென்பதால் ஒவ்வொரு அலைக்கும் சொற்பப் பங்குதான். வீச்சைக் கூட்டினால் ஹார்மோனிக்குகள் (அலையின் அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் உப அலைகள்) மற்ற அலைகளின் அதிர்வெண்ணில் கலக்கும். அடிப்படை அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளை மட்டும் தேர்ந்து, அலைகளின் கட்டங்களை (தொடக்க நிலைகளை) சிதறவிட்டால் ஓரளவு தப்பலாம்.

கிராமர்ஸ்-குரோனிக் சோதனை (அளவீடு நம்பத்தக்கதா எனப் பார்க்கும் கணிதச் சோதனை) தேறிவிட்டதென்று நம்பிவிட வேண்டாம். இம்முறையில் நேரியலின்மை (வீச்சுக்கு நேர்விகிதத்தில் விளைவு வராதது) அதற்குத் தப்பிவிடலாம். வீச்சைப் பாதியாக்கி மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள்.

உயர் அதிர்வெண்ணில் தூண்டல் வளையம் (வரைபடத்தில் மின்சுருள் போன்ற நடத்தையைக் காட்டும் வளைவு) தெரிந்தால் கரைசலைப் பழிக்குமுன் ஒப்பீட்டு மின்முனையின் (மின்னழுத்தத்தை அளக்க ஆதாரமாக வைக்கும் மின்முனை) மின்தடையைப் பாருங்கள். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியே பிளாட்டினக் கம்பியை அம்மின்முனைக்கு இணையாகச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.