கிணற்றில் எடைக்கல் கட்டிப் பார்த்த மிதவைச் சட்டை

ஒகேனக்கல்லில் சுற்றுலா வருபவர்களுக்கு மாட்டிவிடுவதுதான் மிதவைச் சட்டை, ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது எதற்கு என்ற எண்ணம் எங்கள் பென்னாகரம் பக்கத்தில் இன்னும் மாறவில்லை. நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். சென்ற ஆண்டு ஆடியில் தர்மபுரியில் ஒரு கடையில் 1,650 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆரஞ்சு நிறச் சட்டையை நாகமரைத் துறைக்கு எதிரே மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலிலும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் மைத்துனரின் துடுப்புப் படகிலும் போட்டுப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

உட்புறம் தைத்திருந்த துணிச்சீட்டில் 50 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தது. ஏறக்குறைய ஐந்து கிலோவை மேலே தாங்கும் மிதப்பு என்பது அதன் பொருள். தண்ணீருக்குள் மனித உடலின் எடை சில கிலோதான் என்பதால், நீந்தத் தெரிந்து, நினைவோடும் இருப்பவரின் தலையை மேலே வைத்திருக்க இது போதும். தலையில் அடிபட்டு நினைவிழந்தவரை மல்லாக்கத் திருப்பி, மூக்கும் வாயும் நீருக்கு மேலே நிற்கும்படி வைப்பதற்கு 100 நியூட்டனோ அதற்கு மேலோ மிதப்பும், கழுத்துக்குப் பின்னால் நுரைப்பட்டையும் உள்ள வகை வேண்டும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றார். அவர் சொன்னதை நம்பி வாங்கியது என் தவறு.

அச்சிட்ட எண்ணை மட்டும் நம்ப மனம் வராமல், பழைய மளிகைக் கடைத் தராசின் ஐந்து கிலோ இரும்புக் கல்லைச் சட்டையின் அடியில் கட்டி எங்கள் கிணற்றில் இறக்கினேன். இரும்பு நீருக்குள் தன் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை இழந்துவிடுவதால், அந்தக் கல் நாலே கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் கீழே இழுக்கும். சட்டை ஒரு பகலும் ஓர் இரவும் அசையாமல் மிதந்தது. மேலும் ஒரு கிலோ சேர்த்ததும் மெல்ல அமிழ்ந்தது. ஆக, எண் பொய்யில்லை. முன்பு 400 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த சட்டையையும் அதே கல்லோடு இறக்கினேன். அது கல்லோடு கல்லாக அடிக்குப் போய்விட்டது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு ஆண்டுகள் மேட்டூர் நீரில் சுற்றியிருக்கிறேன்.

பரிசலுக்கு வட்ட வடிவம், தட்டையான அடி. துடுப்புப் போடுபவர் ஒரு விளிம்போரம் குந்தி, முன்னால் குனிந்து நீரை இழுக்க வேண்டும். விழுபவர் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் விழுகிறார். இந்தச் சட்டையின் முன்பக்க நுரை மூன்று பட்டைகளாகப் பிரிந்திருப்பதால் குனியும்போது வளைந்து கொடுக்கிறது, முழங்காலில் முட்டுவதில்லை. அக்குள் பகுதி அகலமாக இருப்பதால் வீச்சு வலை எறியவும் தடையில்லை. ஆனால் மார்பில் துருத்திக்கொண்டிருக்கும் பக்கிளில் வலைக்கண் மாட்டிக்கொள்கிறது. ஈயக் குண்டுகளோடு பறந்துபோகும் வலை ஆளையும் சேர்த்து இழுத்தால் என்ன ஆகும் என்பதை முதல் நாளிலேயே பாதி உணர்ந்துவிட்டேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி அந்தப் பக்கிளின்மேல் உறை போலப் போட்டபின் சிக்கல் வரவில்லை.

பெரிய குறை, தொடைகளுக்கிடையே வரும் நாடா இல்லாதது. நீரில் குதித்துப் பார்த்தபோது உடல் கீழே நிற்க, சட்டை மட்டும் காதுவரை ஏறி முகவாயை மூடிக்கொண்டது. பள்ளிக்கூடப் பை தைக்கும் ஒருவரிடம் கொடுத்து, பின்புறத்திலிருந்து முன்னால் வந்து மாட்டும் இரண்டு நைலான் நாடாக்களை 120 ரூபாய்க்குத் தைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் இதை வாங்கலாம் என்று பிறரிடம் சொல்லத் தொடங்கினேன்.

முகத்துவாரத்தில் இதன் வேலை வேறு. அங்கே ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி முடிய ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம், வற்றி முடிய மற்றோர் ஆறேகால் மணி நேரம். நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு கூடும். வற்றும் நேரத்தில் ஆற்று நீரும் சேர்ந்து கடலை நோக்கிப் பாய்வதால், இரண்டு துடுப்பால் எதிர்த்து வர முடியாத வேகம் வந்துவிடும். எதிரே கடற்காற்றும் அடித்தால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். அந்த இழுப்பில் விழுந்தவரைச் சட்டை மிதக்க வைத்தபடியே கடலுக்குள் கொண்டுபோய்விடும். நங்கூரத்தைப் படகின் பின்முனையான கடையாலில் கட்ட நான் கை நீட்டியபோது மைத்துனர், “மச்சான், அணியத்துல கட்டுங்க, பின்னால கட்டினா ஓட்டம் படகுக்குள்ளயே ஏறிடும்” என்று தடுத்தார். வற்றம் முடியும் தறுவாயில் இறங்கி, ஏற்றத்தோடு திரும்புவதே அவர் வழக்கம். காவிரியில் அப்படி நேரக் கணக்கு கிடையாது. கர்நாடக அணைகளில் திறப்பதைப் பொறுத்தது. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி வருகிறது என்பதைக் காலையில் பார்க்காமல் நான் பரிசலைத் தூக்குவதில்லை.

உப்பு நீரில் இரண்டே நாளில் உலோக ஜிப் இறுகிவிட்டது. நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்தியும் பச்சைக் கறை போகவில்லை. கூடக் கொடுத்த விசிலுக்குள் உருளும் குண்டு நனைந்ததும் ஒட்டிக்கொண்டு ஊதவில்லை. குண்டில்லாத விசில் ஒன்றை வாங்கித் தோளருகே கட்டியிருக்கிறேன். நிறம் நன்று. நீல நிறச் சட்டை நீரில் பத்து கஜம் தள்ளினாலே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

சிறுவர் அளவு அந்தக் கடையில் இல்லை. பெரியவர் சட்டையையே நாடாவை இறுக்கிப் போட்டால் போதும் என்றார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த என் பன்னிரண்டு வயது மகனுக்கு, நாடா தைப்பதற்கு முன்பு, அப்படியே போட்டு, நானும் உடன் இறங்கிக் கிணற்றில் பார்த்தேன். சட்டை மேலே நின்றது. அவன் அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போனான்.