நாலு லிட்டர் ஆயில் ஊற்றிவிட்டு "நல்லதுதானே சார்" என்றார்கள்

போன ஜூலையில் காருக்கு ஆயில் மாற்றப் போன இடத்தில் நடந்தது. பணம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே என்று வீட்டில் சொன்னதால் இத்தனை நாள் எழுதவில்லை. பாதி வந்துவிட்டது. மீதி வராது என்பதும் தெரிந்துவிட்டது. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, ஒன்பது வருடப் பழசு. வாங்கிய நாளிலிருந்து எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனைத் தவிர வேறு யாரும் அதன் பானெட்டைத் திறந்ததில்லை. அந்த வாரம் பார்த்து அவர் குலதெய்வப் பூசைக்கு ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு குன்னூர் போக வேண்டும். ஆயில் மாற்றும் கெடுவோ தாண்டிவிட்டது. மலை ஏறும் முன் மாற்றிவிடலாமே என்று மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி அறை, உட்கார்ந்ததும் காபி. "கஸ்டமர் உள்ளே வரக்கூடாது சார், சேஃப்டி" என்று ரேம்ப் பக்கம் விடவில்லை. டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

முப்பது நிமிடத்தில் வண்டி ரெடி. ஆயில், ஆயில் ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து 3,640 ரூபாய். அண்ணன் வாங்குவதைவிட ஆயிரத்துக்கும் மேல் அதிகம். ஏசிக்கும் காபிக்கும் போகட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை மேட்டுப்பாளையம் வரை ஒன்றும் தெரியவில்லை. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கி நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் பின்சீட்டிலிருந்து அம்மா, "என்னடா, வடைச்சட்டி தீயற வாடை அடிக்குது" என்றார். யாராவது லாரிக்காரன் பிரேக் தேய்ந்திருக்கும் என்றேன். அடுத்த வளைவில் பின்னால் வந்த பைக்காரர் பக்கத்தில் ஒட்டி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏனுங்ணா, கொசு மருந்து அடிக்கிற வண்டியாட்டம் போகுதுங்க, பாக்கலீங்களா?" கண்ணாடியில் பார்த்தால் நீலம் கலந்த வெள்ளைப் புகை, ரோட்டையே மறைத்துக்கொண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. இன்ஜினுக்கு மேலே டாப்பெட் பக்கம் கடகட சத்தம். பர்லியார் போய்ச் சேர்வதற்குள் சிவப்பு ஆயில் விளக்கு இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டது. ஆயில் குறைந்தால் எரிகிற விளக்கு, மூன்று நாள் முன்பு ஆயில் மாற்றிய வண்டியில் ஏன் எரிகிறது?

பழக்கடைகள் பக்கம் ஓரம்கட்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். பூசைச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்: "தம்பி, முதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க. பத்து நிமிசம் கழிச்சு டிப்ஸ்டிக்க உருவி, தொடச்சு, மறுபடி விட்டு எடுத்துப் பாத்துச் சொல்லுங்க." பார்த்தேன். ஆயில் மட்டம் பார்க்கிற அந்தக் குச்சியில் கீழ்க்கோடு, மேல்கோடு என்று இரண்டு இருக்கும், ஆயில் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். என் குச்சியில் அந்த இரண்டு கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளியோ, மேல்கோட்டைத் தாண்டி அதே அளவு இன்னொரு முறை ஏறியிருந்தது ஈரம். பளபளவென்று புது ஆயில். அதில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள்.

அண்ணனுக்குத் தெரிந்த ஒரு பையன் மேட்டுப்பாளையத்திலிருந்து பைக்கில் வந்தான். கையில் பெரிய சிரிஞ்ச், ஒரு முழ ட்யூப். டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக ட்யூபை இறக்கி உறிஞ்சி உறிஞ்சி, நாங்கள் குடித்து முடித்த தண்ணி பாட்டிலில் விட்டான். ஒரு லிட்டர் பாட்டில். கழுத்து வரை நிறைந்தது. அதற்குப் பிறகுதான் குச்சியில் ஈரம் மேல்கோட்டுக்கு இறங்கியது. அம்மா மங்குஸ்தான் உரித்துத் தின்றுகொண்டே, "இம்புட்டுமா சேத்தி ஊத்திட்டான்?" என்று அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியோடு வந்த புத்தகத்தை டாஷ்போர்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் 3.1 லிட்டர் என்று போட்டிருக்கிறது. பில்லை எடுத்தேன். "இன்ஜின் ஆயில் – 4 லிட்டர்" என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாலு லிட்டர் கேனைப் பிரித்தோம், நாலு லிட்டருக்குக் காசு வாங்கினோம், மிச்சத்தை வைத்து என்ன செய்வது, எல்லாவற்றையும் ஊற்று. அவ்வளவுதான் கணக்கு.

ஆயில் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அதுவரை தெரியாது. இன்ஜினுக்கு அடியில் சம்ப் என்கிற தொட்டியில் ஆயில் நிற்கும், அதற்கு மேலே பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். ஆயிலில் படாத உயரத்தில் சுற்ற வேண்டும் என்றுதான் மேல்கோட்டை வைத்திருக்கிறார்கள். மட்டம் ஏறினால் கிராங்க் ஆயிலுக்குள் முங்கி, தயிர்ப்பானையில் மத்து கடைவதுபோல் நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் சுற்று கடையும். ஆயில் நுரைத்துவிடும். பம்ப் ஆயிலைத் தள்ளும், நுரையைச் சரியாகத் தள்ளாது. பிரஷர் விழும். விளக்கு சிமிட்டியது அதனால்தான்: நிறைய ஆயில் இருந்தும் பேரிங்குக்குப் போதுமான ஆயில் போகவில்லை. கடைந்து தெறித்த ஆயில், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் குழாய் வழியாகக் காற்று உள்ளே போகும் பாதைக்கு ஏறி, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாக வரும். பிளக் கரியும். சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் அது விஷம். உள்ளே அழுத்தம் கூடினால் ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருங்கள். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்துவிட்டால் சாவியை எடுத்தாலும் நிற்காது, தானாக ரேஸ் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டி என்றால் டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டு இன்ஜினை அடைத்து நிறுத்த வேண்டியதுதான். இன்னொன்று, டீசலில் எல்லாப் பழியையும் மெக்கானிக் மேல் போட முடியாது. டிபிஎஃப் என்கிற புகைக்கரி ஃபில்டர் உள்ள பிஎஸ்6 வண்டியை ஊருக்குள்ளேயே கொஞ்ச கொஞ்ச தூரம் ஓட்டினால், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து மட்டம் தானாகவே ஏறும். அப்போதும் குச்சியைப் பார்க்காமல் தெரியாது.

நூறு மில்லி கூடினதற்கெல்லாம் பதற வேண்டாம், அது அண்ணனே ஊற்றுவார். எனக்கு நடந்தது ஒரு லிட்டர்.

திங்கட்கிழமை பாட்டிலோடு அந்தக் கடைக்குப் போனேன். மேனேஜர் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. "சார், ஆயில் கம்மியா இருந்தாத்தான் பிரச்சினை. கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லதுதானே சார்?" கார் சர்வீஸ் கடை நடத்துகிறவர் சொன்ன வார்த்தை இது. புத்தகத்தைக் காட்டினேன். "அது கம்பெனி சும்மா போடறது சார்." மலையில் ஏற்றிய ஏற்றில் பழைய கோளாறு வெளியே வந்திருக்கும் என்றார். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, திரும்பிவிட்டேன்.

ஊரிலிருந்து வந்த அண்ணன் வண்டியை ஜாக்கியில் ஏற்றிக் கீழே படுத்தவர், கொஞ்ச நேரம் பேச்சையே காணோம். பிறகு, "தம்பி, இங்க வந்து படுங்க" என்றார். டார்ச் அடித்துக் காட்டினார். ஆயில் ஃபில்டர் மேல் வெள்ளை மார்க்கரில் தேதியும் கிலோமீட்டரும். அண்ணனுடைய கோழிக்கிறுக்கல் கையெழுத்து, போன வருடத்துத் தேதி. எப்போது மாட்டினாலும் அப்படி எழுதிவைப்பது அவர் பழக்கம். புது ஃபில்டருக்குக் காசு வாங்கியவர்கள் பழையதைத் தொடவே இல்லை.

இந்த ஒரு போட்டோதான் வேலை செய்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து பில், புத்தகத்தின் பக்கம், ஃபில்டர் போட்டோ மூன்றையும் கொடுத்தேன். அதுவரை எடுக்காத போனை மேனேஜர் அவராகவே போட்டார். 3,640 ரூபாயையும் திருப்பித் தந்தார்கள். ஆனால் பிளக், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி சுத்தம், மறுபடி ஆயில், பர்லியாருக்கு வந்த பையனுக்குக் கொடுத்தது என்று இந்தப் பக்கம் ஆன அதே அளவு செலவை ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது, இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. எனக்கு அலைய நேரமில்லை. உங்களுக்கு நடந்தால் பில்லை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆயில் மாற்றக் கொடுக்கும்போது புத்தகத்தில் உள்ள அளவை வாயால் சொல்லிக் கொடுங்கள். மிச்சத்தைக் கேனோடு கேளுங்கள், பழைய ஃபில்டரையும் கேளுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் அந்தக் கடையே வேண்டாம். பணம் கட்டும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி நீங்களே குச்சியை உருவிப் பாருங்கள். ஒரு துணியும் ஐந்து நிமிடமும் போதும்.

வண்டி இப்போது ஓடுகிறது, புகை இல்லை. கியர்பாக்ஸ் பக்கத்து ஆயில் சீல் மட்டும் லேசாக வேர்க்கிறது என்கிறார் அண்ணன். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்கிறார். போர்ட்டிகோவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். இன்று காலை அதில் இரண்டு சொட்டு.