பிளேடு பிரமாதம், கிளிப்தான் சனியன்

என் மடக்குக் கத்தியைப் பாக்கெட் விளிம்பில் மாட்டிவைக்கும் தகடான கிளிப்பின் திருகுகளை மாற்றி முடித்த சூட்டோடு நண்பர் ஒருவர் கேட்டார்: "தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேணும். உங்களுடையதையே வாங்கிடட்டுமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கேட்ட நேரம் அப்படி.

டி2 ஸ்டீல் பிளேடு, ஜி10 என்கிற கண்ணாடியிழைக் கைப்பிடி, லைனர் லாக் (கைப்பிடிக்குள் இருக்கும் தகடு முட்டுக்கொடுத்து, திறந்த பிளேடை மடங்காமல் பிடிக்கும் பூட்டு). இதெல்லாம் பெட்டி மேலேயே அச்சிட்டிருக்கும். பிளேடைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டி2 முதலில் கத்திக்கென்று வந்த ஸ்டீல் இல்லை. உலோகத் தகடுகளை வெட்டுகிற அச்சுகளுக்கானது. அதில் சுமார் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். அந்தக் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கடினமான கார்பைடு துகள்களாகிவிடுகிறது. கூர் அவ்வளவு நாள் நிற்பது அதனால்தான். துருவைத் தடுக்க மிஞ்சும் குரோமியம் கொஞ்சம்தான் என்பதால், வியர்வை பட்டால் புள்ளி புள்ளியாகப் பிடிக்கவும் செய்கிறது. அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தால் போதும், அதைக் குறையாகவே நான் எண்ணவில்லை. அட்டைப்பெட்டி வெட்டினால் சாதாரணக் கத்திகள் சீக்கிரமே மழுங்கும். இது அசராமல் வெட்டிக்கொண்டே இருக்கும். தீட்டும்போதுதான் பழிவாங்கும். சாதாரணச் சாணைக்கல்லில் உட்கார்ந்தால் பொழுது போய்விடும், டைமண்ட் தகடு வேண்டும். பக்கத்துக்கு 20 டிகிரி போலப் பிடித்து, பிசிர் எழும்பும்வரை ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், கடைசியில் தோல்பட்டையில் நாலு இழுப்பு.

சரி, கிளிப்புக்கு வருவோம்.

கத்தி வாங்குகிறவர்கள் ஸ்டீலைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். கிளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிளேடை நாம் தொடுவது தேவைப்படும்போது மட்டும். கிளிப்போ நாள் முழுக்க இடுப்போரம் குடியிருக்கிறது. 1981-இல் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் 'வொர்க்கர்' கத்தி கிளிப்போடு வந்த பிறகு, பாக்கெட் விளிம்பில் கத்தியைச் செருகிக்கொள்வது பரவலான வழக்கமாகிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு தகட்டை ஒழுங்காகப் பொருத்தத் தெரியாதா என்பதுதான் என் ஆத்திரம்.

என் கத்தியில் கிளிப்பைப் பிடித்திருப்பவை மூன்று பொடித் திருகுகள், டி6 டார்க்ஸ் தலை, அதாவது ஆறுமுனை நட்சத்திரக் குழி. அவை போய்ப் பிடிப்பது கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய லைனர் தகட்டில். அதில் இரண்டு மூன்று புரிதான் இருக்கும். கத்தியை ஒவ்வொரு முறை உருவும்போதும் கிளிப் பக்கவாட்டில் இழுபடுகிறது, திருகு மயிரிழை மயிரிழையாகத் தளர்கிறது. கிளிப் ஆடத் தொடங்கினால் கத்தி பாக்கெட்டுக்குள் சாய்ந்து படுத்துக்கொள்ளும். முனை மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுகிற கத்திகளில் இது எரிச்சலோடு நிற்கிற விஷயம் இல்லை. பிளேடின் முதுகு பாக்கெட்டின் தையலோடு ஒட்டியிருப்பதுதான் அது தானாகத் திறக்காமல் இருக்க ஒரு காவல். கத்தி சாய்ந்தால் அந்தக் காவல் போச்சு. அப்புறம் கை விட்டுச் சாவி தேட எனக்குத் துணிச்சல் இல்லை.

தயாரித்தவர்களிடம் உதிரித் திருகு கேட்டேன். கத்தியையே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அதே திருகுகளை இறுக்கித் திருப்பி அனுப்பினார்கள், கூடவே நாமே கழற்றினால் வாரண்டி செல்லாது என்று ஒரு துண்டுச்சீட்டு. வாரண்டியாவது மண்ணாவது என்று நானே திருகு வாங்கிப் போட்டேன். நீங்களும் செய்வதாக இருந்தால், திருகையும் துளையையும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசை போன பிறகு திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற திரெட்லாக்கர் ஒரு பொட்டு வையுங்கள். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும், அதற்குள் டி6 தலை வழுக்கிவிடும். பசை பிளேடு சுழலும் அச்சுப் பக்கம் வழியாமலும் பாருங்கள்.

இன்னும் முடியவில்லை. ஜி10 என்பது கண்ணாடியிழைத் துணியை எபாக்சியில் தோய்த்து அழுத்திய பலகை. கை வழுக்காமல் இருக்க மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டிருக்கிறார்கள், நல்லதுதான். கிளிப்புக்கு அடியிலும் ஏன் அதே சொரசொரப்பு? பாக்கெட் துணி நடுவில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு உருவலுக்கும் அரம் போட்டதுபோலத் தேய்கிறது. என் பேன்ட் எல்லாவற்றிலும் வலது பாக்கெட் ஓரம் நூல் பிரிந்திருக்கும். கிளிப்பைக் கழற்றி அந்த இடத்தை மட்டும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் நின்றது. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும், கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நியாயத்துக்குச் சொல்கிறேன்: லாக் அருமை. ஒரு நாளும் நழுவியதில்லை. மூடும்போது கட்டைவிரல் பிளேடின் பாதையில் நிற்பது லைனர் லாக்குகளுக்கே உரிய சங்கடம், இந்தக் கத்தியின் குற்றமில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது உறை கிழிக்க, நூல் அறுக்க, பென்சில் சீவ. விக்டோரினாக்ஸின் 58 மில்லிமீட்டர் 'கிளாசிக்' குட்டிக் கத்தி சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டே அதையெல்லாம் செய்யும். பெரிய பிளேடு வேண்டுமென்றால் ஓப்பினெல் 8-ஆம் எண் கத்தி: மரக் கைப்பிடி, 8.5 சென்டிமீட்டர் பிளேடு, 1955 முதல் இருக்கிற சுழல் வளையம்தான் லாக். தளர்வதற்கு அதில் ஒரு திருகும் கிடையாது. ஈரத்தில் மரம் உப்பித் திறக்க மறுக்கும், அவ்வளவுதான். எதை வாங்கினாலும் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ள லாக் இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்குத்தான் அனுமதி. ஓப்பினெல் 8 அதில் தேறாது, என்னுடையதும் தேறாது.

அதே பிளேடு இப்போது கைப்பிடிக்குள் பதிந்த கிளிப்போடு, பெரிய திருகுகளோடு வருகிறதாம். நான் கேட்டதெல்லாம் அதுதான். ஆனாலும் வாங்கப் போவதில்லை. அந்தத் துண்டுச்சீட்டை இன்னும் மறக்க முடியவில்லை.