ஹாலஜன் மாய்ஸ்சர் பேலன்ஸ்: நீலகிரி டீ ஃபேக்டரிக்கு வாங்கலாமா?

டிரையர் வாயில் விழும் தூளை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோய் "சரியா இருக்கு" என்று சொல்லும் டீ மேக்கர்கள் கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், ராத்திரி ஷிஃப்டில் அந்தக் கை ஃபேக்டரியில் இருக்காது. சரக்கு எடுக்கும் பாக்கெட் கம்பெனிக்கும் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் வேண்டும். அந்த எண்ணுக்காகத்தான் குவாலிட்டி பார்ப்பவரின் மேஜைக்கு ஹாலஜன் மாய்ஸ்சர் பேலன்ஸ் வருகிறது.

மேலே எந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு துல்லியத் தராசு, அதற்கு மேல் மூடியில் 400 வாட் அளவில் ஒரு ஹாலஜன் விளக்கு, சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு சென்சார். அலுமினியத் தட்டில் தூளைப் பரப்பி மூடினால், காயக் காய எடை குறைவதைக் கணக்குப் பார்த்து ஐந்தாறு நிமிடத்தில் சதவீதம் சொல்லிவிடும். இதே வேலையை அவனில் (oven, மின் உலர்த்தும் அடுப்பு) செய்தால் 103 டிகிரியில் 6 மணி நேரம், பிறகு டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கண்ணாடிப் பாத்திரம்) ஆறவைத்து எடை, அப்புறம் இன்னொரு மணி நேரம் வைத்து மறுபடி எடை. அதற்குள் அந்த லாட் மூட்டை கட்டி குடோனுக்குப் போயிருக்கும்.

டிரையர் வாய்க்கும் பேக்கிங்குக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். பச்சைக் கொழுந்துக்கும் வாடலுக்கும் (அரைக்குமுன் கொழுந்தைக் காற்றில் வாட்டும் கட்டம்) சேர்த்து என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஏன் என்பது கீழே.

விலைப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது தராசு எத்தனை மில்லிகிராம் வரை படிக்கும் என்பதை. டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 5 கிராம் தூளில் 3 சதவீதம் என்றால் 150 மில்லிகிராம் தண்ணீர். அவ்வளவுதான் கருவி பிடிக்க வேண்டிய மொத்தப் பொருள். 1 மில்லிகிராம் படிக்கும் தராசுக்கு அது 0.02 சதவீதப் படி. 10 மில்லிகிராம் படிக்கும் மலிவு மாடலுக்கு 0.2 சதவீதப் படி; 3.0-க்கு அடுத்து நேராக 3.2 தான். திரையில் இரண்டு தசமம் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம், அந்த இரண்டாவது தசமம் வெறும் அலங்காரம். சாம்பிளை 10 கிராமாக்கிச் சமாளிக்கலாம் என்பார்கள். அப்போது தட்டில் தூள் தடிமனாகி, மேல் அடுக்கு கருகும், அடி அடுக்கு காயாது.

தொழிற்சாலைக்காரருக்கு இந்த எண் ஏன் காசு என்று ஒரு கணக்கு. 3 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ தூள் என்றால் உலர் பொருள் 970 கிலோ. அதே தூள் 5 சதவீதம் ஈரம் வாங்கினால் எடை 1,021 கிலோ. இருபத்தொரு கிலோ சும்மா கிடைத்த மாதிரிதான் தோன்றும். 6, 7 சதவீதம் தாண்டிய தூள் குடோனில் சில வாரம் கிடந்தால் மணம் செத்து, கோப்பையில் சப்பென்று ஆகி, பூசண வாடை வரும் என்பதைத் தராசு சொல்லாது. ஏல டேஸ்டர் சொல்வார். மறுபக்கம், பயந்து 2 சதவீதத்துக்குக் கீழே காய்ச்சினால் தீய்ந்த வாடை. இடையில் உள்ள சின்ன இடைவெளியில்தான் மொத்தப் பிழைப்பும்.

இனி பயன்படுத்தும் விதம். கருவியைக் குறை சொல்லும் பத்து புகாரில் எட்டு இங்கேதான் பிறக்கிறது. டிரையர் வாயில் கரண்டியால் அள்ளிய தூள் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதை நேராகத் தட்டில் கொட்டினால், சூட்டில் எழும் காற்று தட்டைத் தூக்கிப் பிடித்து, தொடக்க எடையைக் குறைத்துக் காட்டும்; எண் நிற்காமல் ஓடும். ஓடும் எண்ணிலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறவர்கள் உண்டு. ஆறட்டும் என்று தட்டில் திறந்துவைத்தால் வேறு வம்பு. ஆடி மாத மஞ்சூர் மூடுபனியிலும் ஐப்பசி கோத்தகிரி மழையிலும் டெஸ்டிங் ரூம் காற்றே ஈரத் துணி. காய்ந்த தூள் அதைக் குடித்துவிடும். ஆகவே மூடி இறுக்கமான சின்ன டின் வேண்டும். கழுத்து வரை நிரப்பி, மூடி, அறை சூட்டுக்கு வரவிட்டு, பிறகு திறந்து அரை நிமிடத்துக்குள் எடை போட வேண்டும். டின்னில் பாதி காலியாக இருந்தால் உள்ளே உள்ள காற்றின் ஈரமும் கணக்கில் சேரும்.

கரண்டியை எங்கே நீட்டுவது என்பதும் உண்டு. டிரையரின் இடது ஓரம், வலது ஓரம், நடு மூன்றும் ஒரே மாதிரி காய்வதில்லை. பெரிய தூளும் நாரும் மெதுவாகக் காயும், டஸ்ட் என்ற நைஸ் தூள் சீக்கிரம் காயும். ஒரே இடத்தில் ஒரே கை அள்ளுவது வசதி, ஆனால் அது அந்த மூலையின் ஈரமே தவிர டிரையரின் ஈரம் அல்ல. அகலம் முழுக்க நாலைந்து இடத்தில் அள்ளி, கலந்து, கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் டின்னில் போட வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் கொஞ்சம் எரிச்சலான வேலைதான்.

செட்டிங்: 105 டிகிரி, 5 கிராம், தானாக நிற்கும் நிபந்தனை '50 வினாடியில் 1 மில்லிகிராமுக்குக் குறைவு' என்பது நல்ல தொடக்கம். அதை அப்படியே நம்பாமல் அவன் அடுப்போடு ஒப்பிட வேண்டும். 2 முதல் 6 சதவீதம் வரை பரவலாகப் பத்து சாம்பிள், ஒவ்வொன்றையும் பாதி இதில், பாதி அவனில். ஹாலஜன் எப்போதும் 0.3 கூடக் காட்டினால் தூளே கருகி எடை இழக்கிறது, அல்லது மணப்பொருளும் ஆவியாகித் தண்ணீர்க் கணக்கில் சேர்கிறது என்று பொருள். சூட்டை இரண்டிரண்டு டிகிரியாகக் குறைத்துப் பார்க்கலாம். தட்டில் தூளின் நிறமே காட்டிக்கொடுக்கும். அந்த அடுப்பைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. தேயிலைக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வரையறைகள், மொத்தச் சாம்பல் 4 முதல் 8 சதவீதம், வெந்நீரில் இறங்கும் சத்து குறைந்தது 32 சதவீதம் என்பதெல்லாம், 103 டிகிரி அவனில் உலர்த்திய எடையை வைத்துத்தான் கணக்கு.

மலை என்பதால் வரும் தொந்தரவுகள் தனி. கோயம்புத்தூரில் சரிபார்த்து அனுப்பிய தராசைக் குன்னூரின் 1,850 மீட்டர் உயரத்தில் வைத்து 100 கிராம் கல்லை ஏற்றினால் 30, 40 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். புவியீர்ப்பு அந்த அளவு குறைகிறது, பழுது இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஈரப்பத சதவீதத்தை இது தொடவே தொடாது. முன் எடை, பின் எடை இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பாக இருப்பதால் வகுக்கும்போது தப்பு அடித்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் வைத்த இடத்திலேயே கல் போட்டு காலிபரேட் செய்வதுதான் முறை, ஆடிட்டர் கல்லைத்தான் முதலில் வைத்துப் பார்ப்பார். நிஜமான தலைவலி சூட்டுக் காலிபரேஷன். அதற்குத் தனி தெர்மாமீட்டர் கிட் வேண்டும். சர்வீஸுக்கு வருபவர்கள் எடையை மட்டும் சரிபார்த்துச் சான்றிதழ் நீட்டிவிட்டு மலையிறங்குவார்கள். வாங்கும்போதே ஆர்டரில் 'எடை, வெப்பம் இரண்டும்' என்று எழுதி வாங்குவது நல்லது.

கரண்ட் அடுத்தது. மழைக்காலத்தில் வோல்டேஜ் இறங்கினால் விளக்கு மந்தமாக எரியும். தூள் சூடேறுவதற்குள்ளேயே எடை மாறாமல் நிற்பதைப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று கருவி முடிவு கட்டிவிடும். 3 சதவீதத் தூள் 2 என்று விழும். யூபிஎஸ் கட்டாயம், 400 வாட்டைத் தாங்கும்படி 1 கேவிஏ. ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் நடுவில் நின்ற டெஸ்ட் செத்த டெஸ்ட். தூளை வீசிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். பிறகு அதிர்வு. கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் சிடிசி ரோலர் ஓடும் ஹாலுக்குப் பக்கத்துச் சுவரில் மர மேஜை போட்டு வைத்தால் மூன்றாவது தசமம் ஆடிக்கொண்டே இருக்கும். அடுத்த கட்டடத்தில், சுவரோடு பதித்த கருங்கல் பலகை, ஜன்னல் காற்றும் ஃபேனும் படாத மூலை. அந்த இடம் இல்லாத ஃபேக்டரி இதை வாங்குமுன் இரண்டு முறை யோசிக்கலாம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. ஒரே டின் தூளை நன்றாகக் கலந்து ஆறு தட்டு ஓட்டுங்கள். ஒருமுறை தட்டில் காய்ந்த தூளைப் பழைய ஈரத்துக்கே திருப்பிக் கொண்டுவர முடியாது என்பதால் அதே தூளை மறுபடி அளக்க வழியில்லை. பிரித்த பங்குகளை 'ஒன்றே' என்று வைத்துக்கொள்வதுதான் கதி. ஆறில் பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் 0.25 என்றால், 2.53-ஆல் (ஆறு ரீடிங்குக்கான புள்ளியியல் எண்) வகுக்க, 0.1 என்பது அளவீட்டின் சிதறல். இரண்டு தனித்தனி ரீடிங்குகள் உண்மையிலேயே வேறு என்று சொல்ல வேண்டுமானால் இடையில் அதைப்போல 2.8 மடங்கு, அதாவது 0.28-ஆவது இருக்க வேண்டும். 3.1, 3.3 என்று வந்ததை வைத்து டீ மேக்கரைக் கூப்பிட்டுத் திட்டுவது நியாயமில்லை. முதல் தட்டு மட்டும் தனியாக விலகி நின்றால் காரணம் குளிர்ந்த கருவி. காலையில் வெறும் தட்டு ஒன்றை ஓட்டிச் சூடாக்கிவிட்டுத் தொடங்கினால் போதும்.

ரீடிங் எடுப்பது அரை வேலை. அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பது மீதி. அரை மணிக்கு ஒரு ரீடிங் எடுத்து நோட்டில் எழுதுகிற ஃபேக்டரியில் வழக்கமாக நடப்பது இது: 3.3 வந்தால் சூட்டை ஏற்று, 2.8 வந்தால் இறக்கு. இப்படித் திருகத் திருக ஈரம் இன்னும் அதிகமாக ஆடும், ஏனென்றால் பாதி ஆட்டம் அளவீட்டுடையது. தொடர்ந்து 20 ரீடிங் சேர்த்து, அடுத்தடுத்தவற்றின் வித்தியாசத்தைச் சராசரி எடுங்கள். அது 0.2 என்றால் 2.66-ஆல் (இந்தக் கணக்குக்கான புள்ளியியல் எண்) பெருக்க 0.53. சராசரி ஈரம் 3.0 என்றால் 2.47 முதல் 3.53 வரை அந்த டிரையரின் இயல்பு. அதற்குள் எது வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே வேலை. வெளியே போனால், அல்லது தொடர்ந்து எட்டு ரீடிங் ஒரே பக்கம் நின்றால், போய்ப் பாருங்கள்: ஃபீட் தடிமன் கூடியதா, விறகு ஈரமா, வாடல் குறைந்த கொழுந்து உள்ளே வந்ததா.

வாடல் பற்றிச் சொன்னது இதனால்தான். கொழுந்தில் மொட்டு, இலை, தண்டு மூன்றுக்கும் ஈரம் வேறு வேறு. 5 கிராம் என்றால் சில கொழுந்துதான், டிரஃபில் (கொழுந்தைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டி) கிடக்கும் டன்னுக்கு அது எப்படிச் சாட்சி சொல்லும்? காயவும் அரை மணி ஆகும். வலைத் தட்டில் கொழுந்தை எடை போட்டு டிரஃபிலேயே வைத்து, எடுக்கும்போது மறுபடி எடை போடுவது போதும். 78 சதவீத ஈரக் கொழுந்து 70-க்கு வர 100 கிலோ 73 கிலோவாக வேண்டும். மழை நனைத்த கொழுந்தென்றால் மேல் தண்ணீர் முதலில் வடிந்த பிறகு எடுத்த எடைதான் தொடக்கம்.

பராமரிப்பில் பெரிய செலவு இல்லை, சின்னச் சின்ன எரிச்சல்தான். டீத் தூசியும் நாரும் பறந்து விளக்குக் கண்ணாடியில் ஒட்டிக் கருகும். வாரம் ஒருமுறை ஆறிய பிறகு மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் தட்டில் விழும் சூடு குறைந்துகொண்டே வரும். விளக்கை வெறும் விரலால் தொட்டால் எண்ணெய்க் கறை பட்ட இடம் சீக்கிரம் போகும். மலையில் உதிரி விளக்கு உடனே கிடைக்காது, ஒன்றைக் கூடவே வாங்கி அலமாரியில் வையுங்கள். அலுமினியத் தட்டு ஒருமுறைக்கானது என்றாலும் துடைத்துத் துடைத்து ஓட்டாத ஃபேக்டரி இல்லை. நெளிந்த தட்டு மட்டும் வேண்டாம், ஒரு பக்கம் விளக்குக்கு நெருங்கி அங்கே மட்டும் தூள் தீய்ந்துவிடும்.