கார் க்ளெய்மில் கை வைத்துவிட்டார்கள்: ஓம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. இப்படி நனைந்த கார்களுக்கு க்ளெய்ம் கேட்கும்போது தகராறு வெடிக்கும் இடம் பெரும்பாலும் எஞ்சின்தான். சீட், கம்பளம், மின் இணைப்பு எல்லாம் வெள்ளச் சேதம், அதற்குப் பணம் உண்டு என்பார்கள். எஞ்சினைத் தொட்டதும் பேச்சு மாறிவிடும்: “தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட் செய்திருக்கிறீர்கள். சிலிண்டருக்குள் நீர் போய் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. இது பின்விளைவுச் சேதம், பாலிசியில் வராது.” எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனி ஆட்-ஆன் (பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்பு) எடுக்காதவர் இந்த இடத்தில் திகைத்து நிற்பார்.

இந்த நிலையில் போகக்கூடிய இடங்கள் இரண்டு: காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எதிர் வண்டிக்காரரின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்பவர் இந்த இரண்டுக்கும் போக முடியாது. அவருக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. இங்கே பேசுவது சொந்த பாலிசியில் சொந்த வண்டிக்குக் கேட்கும் பணம் பற்றி மட்டும்.

எங்கே போவது என்று யோசிக்கும் முன், பிடித்தம் நியாயமானதா என்று பாருங்கள். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். 12,000 ரூபாய் பம்பருக்கு 6,000 ரூபாய் வந்தால் சண்டை போட ஒன்றும் இல்லை. பெயிண்டில்தான் கவனம் தேவை. பில்லில் மொத்தமாக 20,000 என்று இருந்தால், அதில் கால் பங்கான 5,000 ரூபாயைத்தான் பெயிண்டின் விலையாகக் கொள்ள வேண்டும். அதில் பாதி, அதாவது 2,500 மட்டுமே பிடிக்கலாம். 10,000 பிடித்திருந்தால் கேட்க வேண்டியது உங்கள் உரிமை. சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலை எழுத்தில் கேட்டு வாங்கினால் இது வரி வரியாகத் தெரிந்துவிடும். அந்த அறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது இறுதியானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது.

இப்போது ஓம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வழக்கறிஞருக்கு அனுமதியும் கிடையாது. நிறுவனத்தின் வக்கீல் சட்டப் புத்தகத்தோடு எதிரே உட்காராமல் இருப்பதே சாமானியருக்குப் பெரிய ஆறுதல். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம் என்பதால் கார் க்ளெய்முக்கு வரம்பு ஒரு தடையே இல்லை. ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும் என்பது விதி. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும் என்று காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது.

பலர் தடுக்கி விழுவது வாசலிலேயே. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அங்கே நிராகரித்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதம் பதில் இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது வந்த பதில் திருப்தி தராததாக இருக்க வேண்டும். அதன்பின் ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். கால் சென்டரில் கத்தியதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. இன்னொரு குறை: உண்மையான இழப்புக்கும் அதற்கான வட்டிக்கும் மேல் இங்கே ஒரு பைசா கிடைக்காது. ஆறு மாதம் ஆட்டோவில் அலைந்த மன உளைச்சலுக்கு இழப்பீடு வேண்டும் என்றால் இது இடம் இல்லை.

அதற்கான இடம் நுகர்வோர் ஆணையம். க்ளெய்ம் தொகையோடு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாகர்கோவில்காரர் நாகர்கோவிலிலேயே நடத்திக்கொள்ளலாம். செலுத்திய பிரீமியத்தை வைத்துத்தான் கட்டணம் கணக்கிடப்படும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை காலம்தான். சட்டம் சொல்வது மூன்று முதல் ஐந்து மாதம். வாய்தா மேல் வாய்தாவாக அது ஆண்டுக்கணக்கில் இழுப்பது ஊரறிந்த விஷயம். ஜெயித்தாலும் நிறுவனம் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம், ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடச் சட்டம் இடம் தருகிறது. எதிர்த்தரப்பு வக்கீலோடு வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

என் கருத்து இது: தொகை பற்றிய சண்டை என்றால், தேய்மானத்தைக் கூட்டிப் பிடித்தது, பழுதுபார்க்கும் கூலியைக் குறைத்தது போன்றவற்றுக்கு, முதலில் ஓம்புட்ஸ்மேன். அங்கே தோற்றாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தலைகீழாகப் போக வழியில்லை. ஆணையத்தில் வழக்கு இருந்தாலோ முடிந்திருந்தாலோ ஓம்புட்ஸ்மேன் அதே விவகாரத்தைத் தொட மாட்டார். ஆணையத்தில் வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு, ஓம்புட்ஸ்மேனிடம் மனு இருக்கும் காலத்தில் நின்றுவிடும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

“நீங்கள் ஸ்டார்ட் செய்தீர்கள்”, “இல்லை, செய்யவில்லை” என்பது போன்ற உண்மை பற்றிய சண்டை வேறு வகை. சாட்சி, மெக்கானிக்கின் பிரமாணப் பத்திரம், நிபுணர் கருத்து எல்லாம் தேவைப்படும். ஓம்புட்ஸ்மேனின் சுருக்கமான விசாரணையில் இதைத் தீர்ப்பது கடினம். வேறு மன்றத்தை நாடுங்கள் என்று ஓம்புட்ஸ்மேன் கைவிரித்துவிடவும் கூடும். இங்கே நேராக ஆணையத்துக்குப் போவதே மேல். திருட்டு க்ளெய்மைத் தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்று மறுத்திருந்தாலும் ஆணையத்தில் நல்ல பிடி உண்டு: போலீஸில் உடனே எஃப்ஐஆர் பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது என்பது 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டிக்கு அந்தக் கருணை இல்லை; 2021 தீர்ப்பு அதை அடிப்படை மீறலாகவே பார்த்தது.

வண்டி ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் தேர்வு பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. தனிநபர், தனி உரிமையாளர், குறுந்தொழில் பாலிசிகளுக்கு மேல் ஓம்புட்ஸ்மேன் போவதில்லை. ஆணையத்தில் “இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல” என்று எதிர்ப்பார்கள். இழப்பை ஈடுகட்ட எடுக்கும் காப்பீடு லாபத்துக்கான வணிகமாகாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டலாம்.

எங்கே போவதாக இருந்தாலும், வெட்டிய தொகையை வாங்கும்போது “முழு மற்றும் இறுதித் தீர்வு” என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திட்டதாலேயே மீதியைக் கேட்கும் உரிமை போய்விடாது, கட்டாயத்தில் கையெழுத்திட்டதைக் காட்ட முடிந்தால். அதற்கு எளிய வழி, கையெழுத்துக்குக் கீழேயே “ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிவிட்டு, அன்றைக்கே அதே வாசகத்தை நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுவது.